வாடகை வீட்டில் சேதம், பதில் சொல்லாத ஏஜென்ட்: வாசகியின் கேள்விக்கு ஒரு சொலிசிட்டரின் பதில்

கேள்வி: லண்டன் இல்ஃபோர்டில் எங்களுக்கு ஒரு சிறிய வீடு இருக்கிறது. கணவர் காலமான பிறகு நான் மகளோடு லெஸ்டருக்கு வந்துவிட்டதால், வீட்டை மாதம் 1,500 பவுண்டு வாடகைக்கு விட்டு, முழுப் பராமரிப்பையும் ஒரு ஏஜென்டிடம் ஒப்படைத்தேன். அவர் எங்கள் குடும்பத்துக்கு நீண்ட காலமாகத் தெரிந்தவர். வாடகையில் 12 விழுக்காட்டை அவர் எடுத்துக்கொள்வார். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வீட்டைப் பார்வையிடுவதாக ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. இரண்டரை ஆண்டு குடியிருந்த தம்பதி சென்ற மாதம் காலி செய்துவிட்டுப் போனார்கள். போய்ப் பார்த்தால், சமையலறை மேடையில் தீக்காயங்கள், இரண்டு உட்கதவுகளில் ஓட்டை, வரவேற்பறைக் கார்ப்பெட் முழுதும் கறை, படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம், தோட்டத்தில் குப்பைக் குவியல். மேடையும் கார்ப்பெட்டும் நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் புதிதாகப் போட்டவை. சரிசெய்ய 4,300 பவுண்டு ஆகும் என்கிறார் பில்டர். அவர்கள் கொடுத்த 1,700 பவுண்டு டெபாசிட் எங்கே என்று கேட்டால் ஏஜென்ட் இழுத்தடிக்கிறார். அவர்கள் குடிவந்தபோது வீடு இருந்த நிலையைப் பதிவுசெய்த இன்வென்டரி அறிக்கையைக் கேட்டால் "தேட வேண்டும்" என்கிறார். டெபாசிட் முழுவதையும் நான் வைத்துக்கொள்ளலாமா? மீதிக்கு அவர்கள் மேல் வழக்குப் போடலாமா? ஏஜென்டுக்குப் பொறுப்பே இல்லையா? அவரே புதிதாக ஒரு குடும்பத்தை அழைத்து வருகிறார், சம்மதிக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கோபம் முழுவதும் காலி செய்துவிட்டுப் போன தம்பதியின் மேல் இருக்கிறது. அது நியாயமான கோபம்தான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைச் சட்டத்தின் கண்ணால் படித்தால், அதற்குள் இரண்டு தனித்தனி வழக்குகள் இருக்கின்றன: சேதம் செய்தவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று, செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் கட்டணம் வாங்கிய ஏஜென்டிடம் கேட்க வேண்டியது மற்றொன்று. இரண்டையும் ஒரே கடிதத்தில், ஒரே தொகையாகக் கலந்து கேட்டால் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டித் தப்பித்துக்கொள்வார்கள். பிரித்துக் கேட்டால், முதல் வழக்கில் உங்களுக்குக் கிடைக்காமல் போகும் பணமே இரண்டாவது வழக்கில் உங்கள் ஆதாரமாக மாறும். அது எப்படி என்பதைக் கீழே விளக்குகிறேன்.

எதற்கும் முன்பாக, டெபாசிட் முறையாகப் பாதுகாக்கப்பட்டதா என்பதை இந்த வாரமே உறுதிசெய்துகொள்ளுங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தத் தம்பதிக்கு ஒரு வரிகூட எழுத வேண்டாம். இங்கிலாந்தில் இத்தகைய வாடகை ஒப்பந்தங்களுக்காகப் பெறும் டெபாசிட்டை, பெற்ற நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் பாதுகாத்து, அதைப் பற்றிய விவரங்களை வாடகைக்காரருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் விதி. டெபாசிட் ப்ரொடெக்ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம் என்று அத்தகைய திட்டங்கள் மூன்றுதான். வீட்டின் அஞ்சல் குறியீடு, வாடகை தொடங்கிய நாள், டெபாசிட் தொகை, வாடகைக்காரரின் குடும்பப் பெயர் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று இடங்களிலும் நீங்களே விசாரித்துவிடலாம். ஏஜென்டின் பதிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஏஜென்ட் அதைப் பாதுகாக்காமல் விட்டிருந்தாலும் வாடகைக்காரர் வழக்குப் போடும்போது வீட்டு உரிமையாளராகிய நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நீதிமன்றம் டெபாசிட் தொகையின் ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை உங்கள் மேல் தண்டத் தொகை விதிக்கலாம். உங்கள் விஷயத்தில் அது 1,700 முதல் 5,100 பவுண்டு வரை ஆகும், டெபாசிட்டைத் திருப்பித் தருவது அதற்கு மேல். காலி செய்த பின்பும், விதி மீறப்பட்ட நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் வரை அவர்கள் இந்த வழக்கைப் போட முடியும். ஆகவே, பாதுகாக்கப்படவில்லை என்று தெரியவந்தால், "வழக்குப் போடுவேன்" என்று அவர்களை மிரட்டுவது நீங்களே போய் வம்பில் மாட்டிக்கொள்வதாகிவிடும். அந்த நிலையில் உடனடியாக ஒரு சொலிசிட்டரைப் பார்த்து, அவர்களோடு சமாதானமாக முடித்துக்கொண்டு, உங்களுக்கு ஏற்படும் இழப்பை ஏஜென்டிடம் கேட்பதே வழி. பணமே ஏஜென்டிடம் இல்லை என்று தெரிந்தால் அது இன்னும் கடுமையான விஷயம். 2019 ஏப்ரல் 1 முதல், வாடிக்கையாளரின் பணத்தைக் கையாளும் வாடகை ஏஜென்ட் ஒவ்வொருவரும் பணப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும். உங்கள் ஏஜென்ட் எந்தத் திட்டத்தில் இருக்கிறார் என்ற சான்றிதழை அவர் அலுவலகத்திலும் இணையதளத்திலும் காட்டியிருக்க வேண்டும். அந்தத் திட்டத்துக்கும் உங்கள் கவுன்சிலின் வணிகத் தரக் கண்காணிப்புத் துறைக்கும் தாமதமின்றி எழுதுங்கள்.

டெபாசிட் பாதுகாப்பாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். முழுவதையும் நீங்களாக வைத்துக்கொள்ள முடியாது. தீர்ப்பு வரும்வரை அது வாடகைக்காரரின் பணம்; அதில் எவ்வளவு உங்களுக்குச் சேர வேண்டும் என்பதை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. வாடகைக்காரர் ஒப்புக்கொள்ளாத தொகையைத் திட்டத்தின் இலவசத் தீர்வு முறைக்கு இரு தரப்பும் அனுப்பலாம். அங்கே நேரில் விசாரணை கிடையாது. நடுவர் காகிதங்களையும் படங்களையும் மட்டும் பார்த்து முடிவெழுதுவார், டெபாசிட் தொகைக்கு மேல் ஒரு பென்ஸ்கூடக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. எத்தனை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதிகளில் இருக்கும். அதை முதலில் படித்துக்கொள்ளுங்கள்.

இப்போது 4,300 பவுண்டில் எவ்வளவு நியாயமாகக் கேட்கலாம் என்று பார்ப்போம். நீங்கள் இணைத்திருக்கும் பில்டரின் கணக்கில் சமையலறை மேடைக்கு 1,200, கதவுகளுக்கு 500, கார்ப்பெட்டுக்கு 800, பூஞ்சணம் நீக்கிப் படுக்கையறைக்கு வண்ணம் அடிக்க 1,100, குப்பை அகற்றிச் சுத்தம் செய்ய 700 என்று இருக்கிறது. பழைய பொருளுக்குப் பதிலாகப் புதிய பொருளை வாடகைக்காரர் செலவில் வாங்கிக்கொள்ள உரிமையாளருக்கு உரிமை இல்லை என்பது இந்தத் துறையில் அசைக்க முடியாத விதி. இயல்பான தேய்மானத்தைக் கழிக்க வேண்டும். பொருளின் வாழ்நாளில் எவ்வளவு மீதம் இருந்ததோ அந்த அளவுக்குத்தான் இழப்பீடு. எட்டு ஆண்டு வரக்கூடிய கார்ப்பெட் நான்கு ஆண்டு பயன்பட்டுவிட்டது என்றால், 800இல் உங்களுக்கு உரியது 400. பத்து ஆண்டு வரக்கூடிய சமையலறை மேடைக்கு நான்கு ஆண்டு கழிந்துவிட்டது. 1,200இல் 720 கேட்கலாம். கதவுகள் நீண்ட காலம் உழைப்பவை, ஓட்டையைத் தேய்மானம் என்று யாரும் சொல்ல முடியாது, 500ஐயும் கேளுங்கள். குப்பைக்கும் சுத்தத்துக்கும் ஆன 700க்குப் படங்களும் ரசீதும் இருந்தால் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் வந்தபோது இருந்த சுத்தத்தின் அளவுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதே அவர்கள் கடமை. தொழில்முறைச் சுத்தத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், 2019ஆம் ஆண்டு வாடகைக்காரர் கட்டணச் சட்டத்துக்குப் பிறகு அது செல்லாது.

பூஞ்சணத்தை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பது என் ஆலோசனை. துணி காயப்போட்டார்கள், ஜன்னல் திறக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். காற்றோட்டம் போதவில்லை, சுவர் குளிர்ந்து நீர் கோத்தது, பலமுறை ஏஜென்டிடம் முறையிட்டோம் என்று அவர்கள் சொல்லலாம். வீட்டின் கட்டமைப்பைப் பழுதின்றி வைத்திருப்பதும், மனிதர் வாழத் தகுந்த நிலையில் வைத்திருப்பதும் சட்டப்படி உரிமையாளரின் கடமைகள். இரண்டாவது கடமை 2018இல் இயற்றப்பட்ட தனிச் சட்டத்தால் வலுப்பெற்றிருக்கிறது. பூஞ்சணத்தைப் பற்றி நீங்கள் தொடங்கும் வாதம் உங்களுக்கு எதிரான வழக்காகத் திரும்பக்கூடும். வண்ணம் அடித்ததும் இரண்டரை ஆண்டுகளில் பெருமளவு மதிப்பிழந்துவிடும் என்பதால் அதில் கிடைக்கக்கூடியதும் குறைவு. அடுத்தவர் குடிவருமுன், பூஞ்சணம் ஏன் வந்தது என்பதைத் தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு பார்த்து, மூல காரணத்தைச் சரிசெய்யுங்கள். அந்த அறையில் உறங்கப் போகிறவர்களின் உடல்நலம் இதில் இருக்கிறது.

ஆக, நீங்கள் நியாயமாகக் கேட்கக்கூடியது ஏறத்தாழ 2,320 பவுண்டு. டெபாசிட்டுக்கு மேல் 620 பவுண்டு மிஞ்சுகிறது. இதைக் கேட்கக் கவுன்டி கோர்ட்டில் சிறு கோரிக்கை வழக்குத் தொடரலாம். 10,000 பவுண்டு வரை இந்த முறையில் வக்கீல் இல்லாமலேயே நடத்த முடியும், 2024 மே மாதத்திலிருந்து இத்தகைய பண வழக்குகள் பெரும்பாலும் முதலில் தொலைபேசி வழியான இலவசச் சமரசப் பேச்சுக்கு அனுப்பப்படுகின்றன. வழக்குக்கு முன் 14 நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் எழுத வேண்டும். தம்பதி இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டிருந்தால் ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு; ஜாமீன் கொடுத்தவர் எவரேனும் இருக்கிறாரா என்றும் ஒப்பந்தத்தில் பாருங்கள். ஆனால் அவர்களின் புதிய முகவரி தெரியாமல், வருமானம் தெரியாமல், 620 பவுண்டுக்காக மாதக்கணக்கில் அலைவது தகுமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆறு ஆண்டு காலவரம்பு இருப்பதால் இன்றே முடிவெடுக்க அவசியம் இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் ஆதாரம் இருந்தால்தான் பொருந்தும். குடிவந்த நாளில் வீடு எப்படி இருந்தது என்பதைக் காட்டும் இன்வென்டரி அறிக்கை இல்லாவிட்டால், "நாங்கள் வந்தபோதே தீக்காயம் இருந்தது" என்ற ஒற்றை வரிக்கு நடுவர் இணங்கிவிடுவார். இந்த ஓர் அறிக்கை இல்லாமல் போனதால் நியாயமான கோரிக்கைகள் தோற்றுப்போவதைத் தொழிலில் மீண்டும் மீண்டும் காண்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் வலிக்கிறது, ஏனெனில் ஒரு பிற்பகல் வேலையில் தடுத்திருக்கக்கூடிய இழப்பு அது. ஆகவே மாற்று ஆதாரங்களை இப்போதே திரட்டுங்கள்: வீட்டை வாடகைக்கு விளம்பரம் செய்தபோது எடுத்த படங்கள், மேடையும் கார்ப்பெட்டும் வாங்கிய ரசீதுகள், அவர்கள் வருமுன் சுத்தம் செய்தவரின் பில், உங்கள் கைபேசியில் தேதியோடு இருக்கும் படங்கள், வாட்ஸ்அப்பில் அவர்கள் ஏதாவது சேதத்தை ஒப்புக்கொண்டு அனுப்பிய செய்தி. பில்டரை வேலை தொடங்க விடாதீர்கள். முதலில், ஏஜென்டோடு தொடர்பில்லாத ஓர் இன்வென்டரி கிளார்க்கை அமர்த்தி, வீட்டின் இன்றைய நிலையைப் படங்களோடு பதிவுசெய்யுங்கள். இன்னொரு பில்டரிடமும் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். வீட்டு இன்சூரன்ஸில் வாடகைக்காரர் வேண்டுமென்றே செய்யும் சேதத்துக்குக் காப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் உடனே தெரிவியுங்கள். சில பாலிசிகளில் குறிப்பிட்ட இடைவெளியில் வீட்டைப் பார்வையிட்டதற்குப் பதிவு கேட்பார்கள், அதுவும் ஏஜென்டின் கையில் இருந்திருக்க வேண்டியது. தோட்டத்தில் கிடப்பவற்றில் கட்டில், பெட்டி போன்று மதிப்புள்ளவை ஏதும் இருந்தால் மட்டும் உடனே தூக்கி எறியாதீர்கள்; 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, எடுத்துக்கொள்ளும்படி அறிவித்து நியாயமான அவகாசம் கொடுத்த பிறகே அப்புறப்படுத்தலாம்.

இனி ஏஜென்ட். 1,500 பவுண்டு வாடகையில் 12 விழுக்காடு என்றால் மாதம் 180. முப்பது மாதங்களில் 5,400 பவுண்டு அவர் பெற்றிருக்கிறார். வாடகைக்காரர் செய்யும் சேதத்துக்கு அவர் உத்தரவாதம் கொடுத்தவர் அல்லர் என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்; கதவில் ஓட்டை போட்டது அவர் இல்லை. ஆனால் இன்வென்டரி எடுப்பது, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்வையிடுவது, அறிக்கை அனுப்புவது, டெபாசிட்டைப் பாதுகாப்பது ஆகியவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்வதாக ஒப்புக்கொண்டவர் அவர். நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது எழுதப்படாவிட்டாலும் சட்டம் அந்த ஒப்பந்தத்துக்குள் சேர்க்கும் நிபந்தனை. ஆகவே அவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: செய்யாத வேலைகளுக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தருவது, செய்யாததால் உங்களுக்கு நேர்ந்த இழப்பை ஈடுகட்டுவது.

இரண்டு வழக்குகளுக்கும் இடையே இருப்பதாகத் தொடக்கத்தில் சொன்ன தொடர்பு இங்கேதான் வருகிறது. டெபாசிட் நடுவர் தன் முடிவில், "குடிவந்தபோது இருந்த நிலைக்கு ஆதாரம் இல்லாததால் மேடைக்கான 720 பவுண்டு மறுக்கப்படுகிறது" என்று எழுதினால், அந்த 720 உங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு மூன்றாவது மனிதர் ஒருவர் எழுத்தில் கொடுத்த சான்று அது. அதை அப்படியே ஏஜென்டிடம் கேட்கலாம். அதனால்தான் டெபாசிட் தகராற்றைப் பாதியில் கைவிடாமல், பூஞ்சணம் நீங்கலாக, தோற்றுப்போகக்கூடிய இனங்களையும் சேர்த்து முடிவு வரை கொண்டுசெல்லுங்கள் என்கிறேன். மாறாக, நடுவர் தேய்மானத்துக்காகக் கழித்த தொகையை ஏஜென்டிடம் கேட்க முடியாது. அது யார் செய்த தவறாலும் ஏற்பட்ட இழப்பு அல்ல. பார்வையிடாமல் விட்டதால் என்ன இழப்பு என்பதைக் காட்டுவதும் சற்றுக் கடினம். குப்பை மாதக்கணக்கில் சேர்ந்தது, பூஞ்சணம் சுவர் முழுதும் பரவ நாளாகும், முதல் பார்வையிடலிலேயே கண்டிருந்தால் செலவு இவ்வளவு ஆகியிருக்காது என்று காட்டக்கூடிய இனங்களை மட்டும் எழுதுங்கள். நம்பும்படியான சிறிய கோரிக்கைக்கு இருக்கும் பலம் பெரிய கோரிக்கைக்கு இருப்பதில்லை.

நடைமுறை இதுதான். "முறையான புகார்" என்று தலைப்பிட்டு மின்னஞ்சலிலும் அஞ்சலிலும் ஏஜென்டுக்கு எழுதுங்கள். ஒப்பந்தத்தின் எந்தப் பத்தி மீறப்பட்டது, எந்த ஆவணம் கேட்டும் தரப்படவில்லை, எவ்வளவு தொகை வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். குடும்ப நட்பைப் பற்றிய பேச்சு அதில் வேண்டாம். தொலைபேசியில் அவர் பேசினால், பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள். இங்கிலாந்தில் வாடகை ஏஜென்டுகள் 2014 அக்டோபர் 1 முதல் குறைதீர்ப்புத் திட்டம் ஒன்றில் கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும். த ப்ராபர்ட்டி ஓம்புட்ஸ்மன், ப்ராபர்ட்டி ரிட்ரெஸ் என்ற இரண்டில் ஒன்று உங்கள் ஏஜென்டின் கடிதத்தாளிலோ இணையதளத்திலோ இருக்கும். எட்டு வாரங்களில் அவர் தீர்க்காவிட்டால், அல்லது இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால், அந்தத் திட்டத்துக்கு எடுத்துச் செல்லலாம். உங்களுக்குச் செலவில்லை, 25,000 பவுண்டு வரை இழப்பீடு வழங்க அவர்களால் முடியும், முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் ஏஜென்ட் அதற்குக் கட்டுப்பட்டவர், ஏற்காவிட்டால் உங்களுக்கு நீதிமன்றத்தின் வழி திறந்தே இருக்கும். எந்தத் திட்டத்திலும் அவர் சேரவில்லை என்றால் கவுன்சில் அவருக்கு அபராதம் விதிக்கலாம். நீங்கள் நேரே சிறு கோரிக்கை வழக்குக்குப் போக வேண்டியிருக்கும்.

தெரிந்தவர் ஆயிற்றே, இப்படி எழுதினால் என்ன நினைப்பார் என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் ஓரிரு இடத்தில் தெரிகிறது. நம் குடும்பங்களில் இது இயல்பு. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் முகம் பார்க்க வேண்டியவரிடம் ரசீது கேட்க நாம் கூச்சப்படுகிறோம். ஆனால் அவர் உங்களிடம் நட்புக்காக வேலை செய்யவில்லை. மாதாமாதம் கட்டணம் எடுத்துக்கொண்டார். கணவரின் உழைப்பில் வாங்கிய வீட்டைத் தொலைவிலிருந்து காப்பாற்ற வேண்டிய நிலையில் இருக்கும் நீங்கள், ஆவணம் கேட்பதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

கடைசிக் கேள்விக்கு என் பதில்: அவர் அழைத்து வரும் குடும்பத்துக்கு இப்போது சம்மதிக்காதீர்கள். அவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் 2026 மே 1 முதல், காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் 21ஆம் பிரிவு நோட்டீஸ் இங்கிலாந்தில் இல்லை. வீட்டைச் சேதப்படுத்துகிறவரை வெளியேற்ற வேண்டுமானால் அந்தக் காரணத்தை நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். காட்டினாலும் உத்தரவு தருவது நீதிபதியின் விருப்பத்துக்கு உட்பட்டது. ஒரு பார்வையிடல் அறிக்கைகூட இல்லாத ஏஜென்டை வைத்துக்கொண்டு அதை நிரூபிக்க முடியாது.

அவரிடமிருந்து இவற்றைத் திரும்பப் பெறுங்கள்: அனைத்துச் சாவிகள், அசல் வாடகை ஒப்பந்தம், டெபாசிட் பதிவுச் சான்று, வாடகைக் கணக்கு, ஒவ்வோர் ஆண்டுக்குமான எரிவாயுப் பாதுகாப்புச் சான்றிதழ், ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய மின் அமைப்புப் பாதுகாப்பு அறிக்கை. எரிவாயுச் சான்றிதழ் ஏதேனும் ஓர் ஆண்டுக்கு இல்லையென்றால், அந்தத் தவறுக்குச் சட்டம் உரிமையாளரையும் பொறுப்பாக்கக்கூடும் என்பதால், புதியவர் வருமுன் அதை எடுத்துவிடுங்கள். வருமான வரிக்காகவும் ரசீதுகளை வைத்திருங்கள். பழுதுபார்த்த செலவைப் பொதுவாக வாடகை வருமானத்திலிருந்து கழிக்கலாம், டெபாசிட்டிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் தொகையை வருமானமாகக் காட்ட வேண்டும்.

அவரை விலக்குமுன் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பாருங்கள். அந்த அளவுக்கு மட்டும் அறிவிப்புக் கொடுத்தால் போதும். விலகிய பிறகும் கமிஷன் உண்டு என்று சிறிய எழுத்தில் ஏதேனும் இருந்தால் உடனே கட்டிவிடாதீர்கள். வாடகை நீடிக்கும்போதெல்லாம் கமிஷன் கேட்கும் நிபந்தனைகளை உரிமையாளருக்குத் தெளிவாக எடுத்துக்காட்டாமல் ஒப்பந்தத்தின் உள்ளே வைத்திருந்தது நியாயமற்றது என்று 2009இல் உயர் நீதிமன்றம் ஒரு பெரிய ஏஜென்சிக்கு எதிராகத் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தப் பக்கத்தை எனக்குப் படமெடுத்து அனுப்புங்கள். படித்துவிட்டு, கட்ட வேண்டுமா என்று எழுதுகிறேன்.